நூற்றிப் பன்னிரண்டு சுற்று

கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி இறங்கி
வண்ணாமடைக்கு ஆட்டோ பிடித்தேன்.
கதவைத் திறந்ததும் ஞானப்பூ கேட்டாள்:
"கத்திக்குச் சாதி பார்க்கிற ஆள் நீங்கதானா?"
ஆமாம் என்றேன். வேறெப்படிச் சொல்வது.
"உட்காருங்க. எங்க சாதி கேட்டு வந்தவங்க எல்லாம்
நின்னுக்கிட்டேதான் கேட்டாங்க."

ரேஷன் சாக்கில், பழைய வேட்டி சுற்றி
ஐந்து கத்திகள்.
காங்கோ ஆற்றோரம், பும்பாவில், பாமாயில் ஆலையில்
எரிந்துபோன மோட்டார்களுக்குப் பதினோரு வருடம்
உயிர் கொடுத்த மரியசூசை கொண்டுவந்தது.
கடைசி மூன்று மாதச் சம்பளம் இதுதான்
என்பது அவள் கணக்கு.
அந்தப் பக்கம் ஒரு காலத்தில்
கத்தியே காசாகவும் புழங்கியது என்றேன்.
"இங்க சொசைட்டியில வாங்கலையே" என்றாள்.

முதலாவது சுலபம்.
அரிவாளாக வளைந்து, வளைவில்
இரண்டு துளை: மங்பெட்டு.
அறுக்க அல்ல, பெரிய மனிதர்
நாலு பேர் முன்னால் பிடித்து நிற்க.
இரண்டாவது மூன்று திசையில் கிளைவிட்ட எறிகத்தி.
அசாண்டே என்பேன். அவர்களின் அண்டை வீட்டார் மறுத்தால்
சண்டைக்குப் போகமாட்டேன்.
மூன்றாவது முழுக்க மரம், அலகும் மரம்.
குபா. சண்டையில்லாத நாளில் இடுப்பில் செருக.
நான்காவது போலி.
சுற்றுலாக்காரனுக்காக லாரிப் பட்டையில் அடித்தது,
போல்ட் துளை அப்படியே இருக்கிறது.
"அடிச்சவன் அந்த ஊர்க்காரன்தானே?"
எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று தெரியாமல்
எழுதிக்கொண்டேன்.

ஐந்தாவதில்தான் என் வித்தை முழுவதும்.
மூங்கிலிலை அலகு, நடுநரம்பு புடைத்து.
பிடியில் செம்புக் கம்பி,
சுற்றோடு சுற்று ஒட்டி, முடிச்சே தெரியாமல்.
லென்ஸ் வைத்து எண்ணினேன்: நூற்றிப் பன்னிரண்டு.
ஒரே தடிமன், ஆகவே இயந்திரம் இழுத்த கம்பி,
ஆகவே காட்டுக்குள் தந்திக்கம்பம் நட்ட காலம்,
ஆகவே இரவில் தந்தியை அறுத்தவன் கை,
ஆகவே ந்கோம்பே, ஆற்றங்கரைப் பிரிவு,
நூறு வருடத்துக்குக் குறையாது.
அலகெல்லாம் கறுத்த கறை.
அதைச் சொல்ல மட்டும் குரலைத் தாழ்த்தினேன்.

"அது சக்கைப்பால்" என்றாள் ஞானப்பூ.
"இருபது வருசமா இதுலதான் பிளக்கிறேன்.
எண்ணெய் போட்டுத் தேய்ச்சாலும் போகாது.
பிடி ஆடுச்சுன்னு அவர்தான் கம்பி சுத்தினார்.
எருத்தேன்பதியில யாரோ தோட்டத்து போர் மோட்டார்,
அதுல மிஞ்சினது. வார்னீஷ் சுரண்டவே
ஒரு ராத்திரி ஆச்சு.
எண்ணிக்கிட்டே சுத்துவார். நடுவுல பேசினா
கையைக் காட்டி நிறுத்துவார்.
நானும் நிறுத்திடுவேன்."

வெளியே கணவாய்க் காற்று பனைகளை
ஒரே பக்கமாக வாரிக்கொண்டிருந்தது.
லென்ஸைப் பையில் போட்டேன்.
திரும்ப எடுத்தேன்.
கம்பியின் நுனி, சுற்றுக்கு அடியில்
மடித்துப் புதைக்கப்பட்டிருந்தது,
மோட்டாருக்குள் காயில் கட்டி முடிப்பதுபோல.
முதலிலேயே பார்த்ததுதான்.
'அபூர்வ முறை' என்று குறித்தும் வைத்திருந்தேன்.

அதை அடிக்கவில்லை.

அட்டைகள் எழுதினேன். ஐந்தாவதில்
அலகு: ந்கோம்பே,
அல்லது அவர்களுக்கு அடித்து விற்ற வேறு யாரோ.
பிடி: மரியசூசை, வண்ணாமடை, மோட்டார் வைண்டர்.
கறை, என்று எழுதிப் பேனாவை நிறுத்தியதும்
"என்னையும் போட்டிருவீங்களா" என்று சிரித்தாள்.
நாலை எடுத்துக்கொள்ளச் சொன்னாள்.
"இதைக் கேட்காதீங்க. சக்கை சீசன்."

திரும்பும்போது செக்போஸ்ட்டில் ஒருவர்
சாக்கைத் தடியால் தட்டினார்.
"இது எவிடத்தெயா?"
கத்தியைக் கேட்டாரா, என்னையா.
பொள்ளாச்சி, என்றேன்.